நாலு டபுள்

பிப்ரவரி 8, சனி

முதலாளி எழுதச் சொன்னார். "நடந்ததையெல்லாம் தேதி வாரியா ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சென்னியப்பா. பத்தொம்பதாந் தேதி ஃபாக்டரி இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க. அன்னிக்கு வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போடாதே" என்றார். மூன்று பேப்பர் கசக்கிப் போட்டாயிற்று. அதனால் முதலில் இந்த நோட்டில் எழுதிப் பார்க்கிறேன். இது யாருக்கும் காட்டுவதற்கில்லை.

எனக்கு வயது நாற்பத்தெட்டு. கணபதி என்கிற ஊரில் ஒரு பிரஸ் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பிரஸ் என்றால் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் இல்லை, தகடு அடிக்கிற பிரஸ். மோட்டார் பம்புக்கு வேண்டிய வாஷர், கிளாம்பு, மூடி எல்லாம் எங்களிடம் அடித்துப் போகும். எட்டு பிரஸ் இருக்கின்றன. ஓட்டுவது எல்லாம் பெண்கள். ஓடாமல் நின்றால் எழுப்பி ஓட வைப்பது நான்.

வியாழக்கிழமை, ஆறாம் தேதி, காலை பதினொன்று இருபதுக்கு நான்காம் நம்பர் பிரஸ்ஸில் சுகந்தாமணிக்கு வலது கை போயிற்று. கை என்று எழுதிவிட்டேன். மூன்று விரல். கட்டை விரலும் சுண்டு விரலும் இருக்கின்றன. அப்போது நான் எட்டாம் நம்பரில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். இதற்குச் சாட்சி உண்டு.

சாட்சி உண்டு என்று எதற்கு எழுதினேனோ. யாரும் கேட்கவில்லையே.

பிப்ரவரி 9, ஞாயிறு

கறி எடுத்தேன். இறங்கவில்லை.

பிரஸ்ஸை ஓட்டி நிறுத்துகிற டாக் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பித்தால் கை தானாக ஓடும் என்று மறுபடி உட்கார்ந்தேன். பூங்கோதை காபியைக் கொண்டுவந்து வைத்தாள். "அப்படி என்னதானுங்க அந்த மிசினுக்குள்ள இருக்குது?" என்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என் பெண்டாட்டி முதல் தடவையாக இதைக் கேட்கிறாள்.

சொன்னேன். மோட்டார் ஒரு பெரிய சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது நிற்காது. அதற்கு நடுவே தண்டு சும்மா நிற்கும். பெடலை மிதித்தால் தண்டில் இருக்கிற ஓர் இரும்புத் துண்டை ஸ்பிரிங் தள்ளிவிடும், அது போய்ச் சக்கரத்தின் பல்லில் மாட்டும். அந்தத் துண்டுதான் டாக். மாட்டிய பிறகு சக்கரம் வேறு தண்டு வேறு இல்லை. தண்டு ஒரு சுற்று சுற்ற, பன்ச் கீழே இறங்கித் தகட்டை அடித்துவிட்டு மேலே ஏறும். ஏறியதும் ஒரு கொக்கி டாக்கின் குதிகாலை, அதாவது அதன் பின்முனையை, பிடித்துப் பின்னால் இழுக்கும். பல் விலகும், தண்டு நிற்கும், சக்கரம் அதுபாட்டுக்கு ஓடும்.

"பைக்குலயும் கிளட்சுன்னு ஒண்ணு இருக்குதல்லொ?"

"அது தட்டு கிளட்ச், புள்ள. தட்டும் தட்டும் உரசிப் பிடிக்கிறது. சித்தெ வழுக்கும், பாதியில வேணும்னா விட்டுக்கலாம். ஆனா அதே பைக்குல கியர் பொட்டிக்குள்ள பல்லுதான். கியர் மாத்துறப்ப கால்ல டக்குனு தட்டுது பாரு, அதான்."

டிராக்டர் சேற்றில் மாட்டினால் இரண்டு பின்சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டுவதற்கு ஒரு பெடல் இருக்கிறது, அதுவும் பல்தான் என்றேன். வழுக்கவே கூடாது என்கிற இடத்திலெல்லாம் பல் கிளட்ச் போடுவார்கள். உரசல் இல்லாததால் சூடு ஏறாது. உள்ளங்கை அகலத் துண்டு டன் கணக்கில் இழுக்கும். இதையெல்லாம் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்தது, வெட்கக்கேடு.

அவள் விரல்களுக்கு நடுவே என் விரல்களைக் கோத்து இழுத்துக் காட்டினேன். "இப்ப வழுக்குதா பாரு. பிடிச்சா பிடிச்சதுதான். நடுவுல நிறுத்தோணும்னாலும் நிக்காது. முழுச் சுத்து சுத்தித்தான் விடும்."

அவள் கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, "வேண்டாமுங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. டாக்கின் குதிகால் மழுங்கிப்போனால் கொக்கிக்குப் பிடி கிடைக்காது, வழுகும். பல் முழுதாக விலகாது. ஸ்பிரிங் அதை மறுபடி உள்ளே தள்ளும். பெடலில் கால் இல்லாமலே பன்ச் இரண்டாம் தடவை இறங்கும். இதற்கு எங்கள் பட்டறையில் டபுள் என்று பெயர். ஓர் அடி முடிந்தது, இனி பொருளை எடுக்கலாம் என்று கை உள்ளே போகிற நேரம் பார்த்து வரும் சனியன் அது. கையைத் தடுக்கிற வலைக் கதவு எட்டு பிரஸ்ஸுக்கும் உண்டு. வேலை தாமதமாகிறது என்று கழற்றி ஸ்டோர் மூலையில் சாத்தி வைத்து இரண்டு வருஷம் ஆகிறது.

செவ்வாய்க்கிழமை நான்காம் நம்பர் பக்கம் போனபோது சுகந்தாமணியிடம், "கையைச் சீக்கிரம் எடும்மா" என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நான்காம் நம்பரில் தொடக்கூடாது என்று சீட்டு ஒட்டிக் கயிறு கட்டியிருக்கிறார்கள். தரையைக் கழுவியாயிற்று. மற்ற ஏழும் ஓடுகின்றன.

ஆறாம் நம்பரில் மயிலாத்தாக்கா. ஐம்பத்தைந்து வயது, எங்கள் கம்பெனியிலேயே வேகமான கை. சாப்பாட்டு நேரம்வரை அங்கேயே நின்றேன்.

"என்ன தம்பி, என்ற மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்குது? அக்கட்டால போ. வெளிச்சம் மறைக்குது."

ஓர் இடுக்கி செய்து கொடுத்தேன், இதால் பொருளை எடுங்கள் என்று. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு கையாலேயே எடுத்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

முதலாளி கோவர்த்தனன் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் அந்த நோட்டு. டைம் ஆபீஸ் ஜன்னலில் சணலில் கட்டித் தொங்குகிற நோட்டு அது. மிஷின் கோளாறு என்றாலும் அதில்தான் எழுத வேண்டும், இன்றைக்கு டபுள் ஷிஃப்ட் நிற்கிறேன் என்றாலும் அதில்தான் எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே நோட்டு போதும் என்பது அவர் ஏற்பாடு.

நான்காம் தேதிப் பக்கத்தைத் திருப்பினார். பென்சிலில் "4 டபுள் - சுகந்தாமணி" என்று இருந்தது. பக்கத்தில் நீல மசியில் ஒரு டிக். டிக் என்னுடையது. கோளாறு எதுவும் எழுதியிருக்கிறதா என்று தினமும் பத்தேகாலுக்குப் பார்த்து டிக் போடுவது என் வேலை.

"இது என்னப்பா? நாலாம் பிரஸ் டபுள் அடிக்குதுன்னு எழுதியிருக்காளா, நாலாந் தேதி டபுள் நிக்கிறேன்னு எழுதியிருக்காளா?"

நான் நோட்டைக் கிட்டே இழுத்துப் பார்த்தேன்.

"அன்னிக்கு அவ டபுள் பார்த்திருக்கா. அட்டெண்டன்ஸ்ல இருக்குது. அப்ப இது ஷிஃப்ட்டுதானே? நீ என்னன்னு படிச்சே?"

"ஷிஃப்ட்டுன்னுதாங்க படிச்சேன்" என்றேன்.

"அதைத்தான் சொல்லோணும். அசதியில மறுக்கா பெடலை மிதிச்சிட்டா. அவ்வளவுதான் விசயம்."

படித்ததை எழுதுகிறேன்: ஷிஃப்ட் என்றுதான் படித்தேன். யார் படித்தாலும் அப்படித்தான் படிப்பார்கள். தேதி நான்கு, டபுள், பக்கத்தில் பெயர். இதில் என்ன குழப்பம் இருக்கிறது?

ஷிஃப்ட் என்று ஆனால் தப்பு அவளுடையது. பிரஸ் என்று ஆனால் கம்பெனியும் நானும்.

பிப்ரவரி 12, புதன்

ஆறாம் நம்பர் நன்றாகத்தான் ஓடுகிறது.

பிப்ரவரி 13, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிப் போனேன். ஒரு கையால் எப்படி உரிப்பாள் என்கிற புத்தி வார்டுக்குள் நுழைந்த பிறகுதான் வந்தது. நானே நான்கு உரித்து வைத்தேன்.

சுகந்தாமணிக்கு முப்பத்தி நான்கு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் நாளாகிறது, அம்மாதான் கூட இருக்கிறாள். கைக்கட்டு முழங்கைவரை இருந்தது. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்கல்லங்ணா, கையச் சீக்கிரம் எடுன்னு. நாந்தான் அசால்ட்டா இருந்துட்டேன்" என்றாள்.

"பெடல்ல கால் இருந்துச்சாம்மா?"

"இல்லீங்ணா. கால் கீழதான் இருந்துச்சு. சத்தியமா." பிறகு என்னைப் பார்த்து, "எழுதி வெச்சனுங்களே, நீங்க பாக்கலீங்களா?" என்றாள்.

"நோட்டு முதலாளிகிட்ட இருக்குதும்மா" என்றேன். அது பதிலே இல்லை. அதற்குள் நர்ஸ் வந்துவிட்டாள், நான் எழுந்துகொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பேப்பரில் எழுத முடியாததை இங்கே எழுதிவிடுகிறேன்.

பொங்கல் கழித்து முதல் வாரம் நான்காம் நம்பர், ஆறாம் நம்பர் இரண்டிலும் டாக் குதிகால் மழுங்கியிருந்தது. புதுசுக்கு எழுதிக் கொடுத்தேன். வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். "அதுவரைக்கும் ஓட்ற மாதிரி ஏதாச்சும் பண்ணு சென்னியப்பா, உன்னால ஆகாததா" என்றார் முதலாளி. அந்தக் கடைசி வார்த்தைக்கு மயங்கினேன். இரண்டு குதிகாலிலும் வெல்டு போட்டுக் கனம் ஏற்றி, அரைத்து, அளவுக்குக் கொண்டுவந்தேன். பார்வைக்குப் புதுசு தோற்றது.

வெல்டு போட்ட இடம் மெத்தென்று இருக்கும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்தான் இறுகும். இது எனக்குத் தெரியாததில்லை, முப்பது வருஷமாகச் செய்கிறேன். அன்றைக்கு லாரி வாசலில் நின்றது. காய்ச்சவில்லை. புது டாக் வருகிறவரைக்கும்தானே என்று மாட்டிவிட்டேன்.

நான்காம் நம்பர் இரண்டு வாரம் கொஞ்சம் தாங்கியது. ஆறாம் நம்பரில் இப்போதும் அதே வெல்டு, அதே மெத்து, மயிலாத்தாக்காவின் கை. நிறுத்தச் சொல்லலாம். எதற்கு நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள்.

பிப்ரவரி 15, சனி

நிறுத்தச் சொன்னேன். பேரிங் சூடாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். முதலாளி வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "எங்கப்பா சூடு? நாலும் படுத்துருச்சு, ஆறையும் படுக்க வெச்சா நான் எங்க போறது?" என்றார். ஓடட்டும் என்றுவிட்டார். நானும் சரிங்க என்றேன்.

ஸ்டோரில் இருந்த வலைக் கதவைத் தூக்கி வந்து ஆறாம் நம்பரில் மாட்டினேன். மயிலாத்தாக்கா அரைமணி நேரம் திட்டினாள். நான் மறுபக்கம் போனதும் அவளே கழற்றித் தரையில் வைத்துவிட்டாள். பன்ச் ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் இரண்டாம் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பூங்கோதையின் அண்ணன் வீட்டில் விசேஷம். போகவில்லை. துணி துவைத்துப் போட்டேன். இன்றைக்குப் பிரஸ் எதுவும் ஓடாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் பார்சல் வந்தது. புது டாக். இரண்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒன்றுதான் அனுப்பியிருக்கிறார்கள்.

முதலாளி கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். என்னை அவர் உட்காரச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நாலாம் நம்பர்ல மாட்டிப்போடு. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் வெளிய போனதுக்கப்பறம். சீட்டு அதுபாட்டுக்கு இருக்கட்டும், பின்பக்க மூடியத்தான கழட்டோணும். நாளைக்கு அந்தம்மா தொறந்து பார்த்தா எல்லாம் சரியா இருக்கோணும்" என்றார்.

"அப்ப ஆறுங்க?"

"ஆறுக்கென்ன? நல்லாத்தானே ஓடுது."

"அதுலயும் அதே வெல்டுதானுங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "வெல்டு போடச் சொன்னது நானா? ஏதாச்சும் பண்ணுன்னுதான் சொன்னேன். காய்ச்சாம மாட்டுனது யாரு? நல்லா ரோசனை பண்ணிக்கோ. உம்பட பையன் காலேஜ் முடிக்க இன்னும் ஒரு வருசம் இருக்குது."

ஒரு மணி. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். டாக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான்காம் நம்பருக்கும் ஆறாம் நம்பருக்கும் நடுவில் நின்றேன். புது எண்ணெய் வாசனை, குதிகால் நல்ல கூர். நான்கில் மாட்டினால் எனக்கு வேலை இருக்கும். அப்புறம் சுகந்தாமணி சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். மயிலாத்தாக்கா மணி இரண்டுக்குக் கை கழுவிக்கொண்டு வந்து ஆறில் உட்காருவாள்.

வெகு தைரியமாக யோசித்து முடிவெடுத்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். நான்காம் நம்பரில் இனி யாருக்கும் விரல் போகப்போவதில்லை. ஆறைத் திறந்தேன்.

பழைய டாக் வெளியே வந்தபோது குதிகால் சப்பிப் போட்ட கற்கண்டு மாதிரி இருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலைமை. கக்கூசுக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்ஸ்பெக்டரம்மா சின்ன வயசு, மெல்லிய குரல். ஒவ்வொரு கேள்வியையும் எழுதிவிட்டுத்தான் கேட்டார். சுகந்தாமணி அம்மாவுடன் ஆட்டோவில் வந்திருந்தாள். நோட்டை விரித்து வைத்தார்கள்.

"'4 டபுள்'னா என்னம்மா?"

"நாலாம் பிரஸ் டபுள் அடிக்குதுங்க மேடம். அதுக்குத்தான் எழுதினேன்."

"அன்னிக்கு நீங்க டபுள் ஷிஃப்டும் பார்த்திருக்கீங்களே?"

"பார்த்தனுங்க. அதைத் தனியா கீழ எழுதியிருக்கனே" என்று இடது கையால் நோட்டைத் தடவினாள். கீழே அப்படி ஒரு வரி இல்லை. அந்த மூலை கிழிந்திருந்தது. முதலாளி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா என்னைக் கேட்டார். "டிக் நீங்க போட்டது. நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?"

"ஷிஃப்ட்டுன்னு தப்பாப் படிச்சுட்டேனுங்க மேடம்" என்றேன். தப்பாக என்ற சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். முதலாளியின் தலை சட்டென்று திரும்பியது.

பிறகு இன்ஸ்பெக்டரம்மா நான்காம் நம்பரைத் திறக்கச் சொன்னார். மூடியைக் கழற்றி டாக்கை உருவி அவர் கையில் வைத்தேன். மழுங்கிய குதிகாலில் வெல்டு வரி தெளிவாகத் தெரிந்தது. முதலாளி முகம் வெளுத்துவிட்டது. புதுசு அதற்குள் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தார் பாவம்.

"இந்த வெல்டு யார் போட்டது?"

"நாந்தானுங்க. காய்ச்சாம மாட்டிட்டேனுங்க. கால் பெடல்ல இல்லாமலேயே இது அடிச்சிருக்கும். அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க."

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். என் மேலும் கேஸ் வரலாம் என்கிறார்கள். ஸ்பேனர் பெட்டியை எடுக்கப் போனபோது மயிலாத்தாக்கா என்னைப் பார்த்தாள், திரும்பிக்கொண்டாள். ஆறாம் நம்பர் கொக்கி கச்சிதமாக இழுத்து விட்டது. ஓர் அடிக்கு ஒரு சத்தம்.

பூங்கோதை தோசை ஊற்றினாள்.

மார்ச் 9, ஞாயிறு

சுகந்தாமணி வீட்டுக்குப் போனேன். போன வாரமே வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தாள். தப்பு அவளுடையது இல்லை என்று தீர்ப்பாகி, கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டதாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

கட்டுப் பிரித்திருந்தது. நான் பார்க்காமல் இருக்க முயன்றேன், அவள் மறைக்காமல் இருந்தாள். இடது கையாலேயே டீ போட்டு, டம்ளரை வலது கையின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். கொஞ்சம் சிந்தியது.

"அத்தனை பேரு முன்னாடி நாந்தான் வெல்டு போட்டேன்னு எவன் சொல்லுவான்? வேலையும் போயிருச்சு உங்களுக்கு. என்ற அம்மா தினமும் உங்களைத்தான் கும்பிடுது" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா."

"இல்லீங்ணா, நெசமாத்தான். மொதல்ல எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு. எழுதி வெச்சும் பாக்கலையேன்னு. அப்பறம் நீங்க தப்பாப் படிச்சுட்டேன்னு சொன்னீங்களா, அப்பவே போயிருச்சு. நானும் பிரஸ்ஸுனு ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கோணும். தப்பாப் படிக்கிறது யாருக்கும் வர்றதுதானுங்களே. தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா?"

டீ ஆறும்வரை டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய் வரைக்கும் வந்தது. அவள் அம்மா இன்னொரு முறுக்கை என் தட்டில் வைத்தாள். சாப்பிட்டேன். சரிம்மா வர்றேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொல்லவில்லை. பூங்கோதையிடம் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட இதுவரை எழுதவில்லை. அந்தப் பொண்ணு எந்தத் தேதியையும் வெறும் எண்ணாக எழுதியதே இல்லை, நாலாந் தேதி என்று முழுசாகத்தான் எழுதுவாள். வெறும் நான்கு என்றால் பிரஸ்தான். அவள் எழுதின அன்று காலையிலேயே அந்த இரட்டைச் சத்தத்தை என் காதாலும் கேட்டிருந்தேன். சனிக்கிழமை லோடு போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நான் தப்பாகப் படிக்கவில்லை சுகந்தாமணி. நான்காம் தேதி பத்தேகாலுக்குப் படித்தேன், புரிந்தது, டிக் போட்டேன்.